காவலுக்கு விட்ட வீடு

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் தாணுமாலையன் முதலில் செய்த காரியம் மூக்கைச் சுளித்ததுதான். திருமலைப் பகுதியில் ஒரு சந்தின் கடைசியில் நின்ற மஞ்சள் வீடு அது. மழையில் ஊறிய சுவர்களில் பாசி கருத்திருந்தது. கேட்டில் வங்கிக்காரர்கள் ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்து, நாக்குப் போலத் தொங்கியது. அன்று காலை பத்து மணிக்குத்தான் கரமனையில் அவருடைய சொந்த வீட்டிலும் அதேபோல ஒன்றை ஒட்டிப் பூட்டிச் சீல் வைத்திருந்தார்கள்.

"வாடகை ஒண்ணும் வேண்டா அண்ணாச்சி," என்றான் பிரஜின். வங்கிக்காக ஜப்தி வீடுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவன். "அடச்சிட்ட வீட்ட ஏலத்துல எடுக்க ஆரும் வர மாட்டாங்க. ஜன்னலத் தொறந்து, விளக்கு வச்சு, ஆளு இருந்தா போதும். ஏலம் கழியிற வரை இருங்க."

வீடு போனவர்களை, வேறொருவர் இழந்த வீட்டில் காவல் வைப்பது அவன் வழக்கம். முன்பணத்துக்கு வழியில்லாதவர்கள், சொந்தக்காரர் வாசலில் போய் நிற்கக் கூசுகிறவர்கள், யாரும் மறுத்ததில்லை. தாணுமாலையனின் மனைவி சிவகாமிக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

"எவனோ தின்னுட்டுப் போன எலையில நம்மள இருத்துகான்," என்றார் தாணுமாலையன், பிரஜினின் பைக் சத்தம் அடங்கிய பிறகு. மனைவி வாய் வைத்த தம்ளரில்கூடத் தண்ணீர் குடிக்காத மனிதர் அவர்.

உள்ளே அடைபட்ட காற்று புளித்துக் கிடந்தது. குளியலறைச் சோப்பில் ஒரு நரைமயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது. சாக்கடைத் துவாரத்தில் கையை விட்டு இழுத்தபோது, சளி படிந்த முடிக்கற்றை முழ நீளத்துக்கு வந்தது. அடுக்களைச் சுவரின் பிசுக்கைச் சிவகாமி கத்தியால் சுரண்டினாள். சாயங்காலம் ஆவதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது.

பால் காய்ச்சாமல் புது வீட்டில் உலை ஏற்றக்கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கி, கிழக்கே பார்த்து அடுப்பில் வைத்தாள்.

"இது நம்ம வீடு இல்லட்டீ."

"அடுப்பு நம்ம அடுப்புல்லா."

பால் பொங்கி வழிந்தது. முதல் தம்ளரை விளக்கின் முன்னால் வைத்துவிட்டு, கேட்டருகே கிடந்த மூட்டைகளை எடுக்க இருவரும் போனார்கள். திரும்பி வந்தபோது தம்ளர் காலி. பூனை நக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கழுவ எடுத்தாள். விளிம்பில் தடிப்பாக, பிசுபிசுவென்று உதட்டுத் தடம் இருந்தது.

பூனை குடித்தால் உதட்டுத் தடம் விழாது.

மறுநாள் மதியம், கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டு வட்டில் ஒன்று குழாயடியில் மல்லாந்து கிடந்தது. அதக்கித் துப்பிய தேங்காய்ச் சக்கை, அதிலிருந்து நூலாக இறங்கிய எச்சில், பல நாள் கழுவாத வாயின் வீச்சம். கஞ்சிப் பானையில் கை விட்டு அளைந்த குழி தெரிந்தது.

"நீங்க தின்னியளா?"

"சீ. உனக்குத்தான் ரெண்டு தடவ தின்னாலும் அடங்காது."

அவர் கேலிதான் செய்தார். ஆனால் அன்று அவரும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. பானைச் சோற்றைத் தென்னை மரத்தடியில் கொட்டினாள். அதை ஒரு காக்கையும் தொடவில்லை.

பக்கத்து வீட்டு ஞானபாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். அறுபது வயதிருக்கும், இருபது வருஷமாக அந்தச் சந்தில் இருக்கிறவள்.

"வந்த அன்னைக்குப் பாலு காய்ச்சினியா, பிள்ளே?"

"காய்ச்சினேன், அக்கா."

ஞானபாய் குரலைத் தாழ்த்தினாள். "கெடுத்தியே. அருமைநாயகம் வருவாரு, முற்றத்துல நிப்பாரு, போவாரு. அவரு கெட்டின வீடு, ஆரையும் ஒண்ணும் செய்யல்ல. நீ பாலு காய்ச்சி இத ஒன் வீடாக்கிட்ட. இப்ப அவரு விருந்தாளில்லா. விருந்தாளிக்குச் சோறு வேண்டாமா?"

"அவரு இங்கேருந்து எங்க போனாரு?"

"எங்க போக? தம்பானூர் லாட்ஜில ஒரு மாசம். மச்சினன் வீட்டுக் கார் ஷெட்டில ஒரு மாசம். பொறவு ஆஸ்பத்திரி வராந்தா. செத்த பொறவுதான் மனுஷன் வீடு வந்து சேந்தாரு."

சிவகாமி உடனே பிரஜினுக்கு போன் செய்தாள். "ஒரு ஆழ்ச்ச பொறுங்க சேச்சி, வேற வீடு நோக்கறேன்," என்றான். அந்த ஒரு வாரம் வீட்டில் உலை வைப்பதில்லை என்று முடிவு செய்தாள். காலையிலும் ராத்திரியிலும் கடைத் தோசை.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடையிலிருந்து திரும்பியபோது அடுக்களைப் பக்கம் சோறு வெந்த மணம் வந்தது. கூடவே அந்த வீச்சமும்.

"கொஞ்சம் மோரு விடட்டா?"

கணவர் குரல்தான். அவ்வளவு பணிவாக அவர் யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை.

தாணுமாலையன் தரையில் சம்மணமிட்டிருந்தார். முன்னால் ஒரே வட்டில். எதிரே யாரும் இல்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்துச் சோறு குறைந்துகொண்டிருந்தது.

பல்லில்லாத வாய் அதக்கும் சத்தம். பருக்கைகள் நசுங்கி, ஈரமாகி, சில திரும்ப வட்டிலிலேயே விழுந்தன. அந்தப் பருக்கைகளையும் சேர்த்துப் பிசைந்து அவர் வாயில் போட்டார்.

"என்னங்கோ இது," என்றாள்.

"சத்தம் போடாத. பாவம், வீட்ட விட்டு எறங்கின பொறவு ஒருநாளும் வயிறு நெறஞ்சதில்லையாம்." வாய் நிறையச் சோற்றோடு அவர் சிரித்தார். "திரும்பிப் போக வழி உண்டாம் சிவகாமி. நம்ம வீட்டுக்கு. கரமனைக்கு."

அவர் கையைப் பற்றி இழுத்தாள். மீனைப் போல வழுவழுத்து நழுவியது. புழக்கடைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாயைக்கூடக் கழுவவில்லை. இரண்டு புடவை, அவருடைய வேட்டி, மாத்திரைப் பை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்தாள். ரோட்டில் படுத்தாலும் சரி, இன்றைக்கே இவரை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும். சந்து முனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வாய் உதடு வரை சோற்றால் அடைந்திருந்தது.

விரலை விட்டுத் தோண்டினாள். தோண்டத் தோண்ட வந்தது.

தாணுமாலையனுக்கு ஒரு பல்கூட விழுந்ததில்லை. அவள் கையில் வந்த சோறு முழுவதும், பல் படாமல் ஈறால் அரைத்த கூழ்.

புரையேறி மூச்சடைத்தது என்று எழுதினார் டாக்டர். பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள், வீட்டை ஏலத்தில் எடுத்தவர் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்புகிறார் என்று பிரஜின் சொன்னான். சிவகாமி பழவங்காடியில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அதன் மாடியிலேயே படுத்துக்கொண்டாள்.

மரணச் சான்றிதழுக்கு அவருடைய பழைய அடையாளக் கார்டு ஒன்று தேவைப்பட்டது. அது கரமனை வீட்டு அலமாரியில் கிடந்தது. பிரஜினிடம் சொல்லிவிட்டு ஒரு முற்பகலில் பஸ் ஏறினாள். அங்கேயும் அவன் ஆள் வைத்திருந்தான். கதவைத் திறந்தவள் ஸ்வப்னா, முப்பது வயதுப் பெண். நெய்யாற்றின்கரையில் அவள் வீட்டையும் ஜப்தி செய்திருந்தார்கள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"சேச்சிதான இங்க இருந்தது? ஒண்ணு கேக்கட்டா? கழுவி வச்ச பாத்திரத்துல ஆரோ தின்னுட்டுப் போகுது. நாத்தம் சகிக்க முடியல. பிள்ளைங்க ரெண்டும் சாப்பிட மாட்டேங்குது. எனக்கு ஓக்கானம் வருது."

சிவகாமி அடுக்களைக்கு நடந்தாள். வழி காட்ட யாரும் தேவைப்படவில்லை.

தொட்டியில் ஒரு வட்டில் கிடந்தது. மென்ற கறிவேப்பிலைகள் விளிம்பில் வரிசையாக, நரம்பு நரம்பாக, ஒரே இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருந்தன. முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தாணுமாலையனின் வட்டிலிலிருந்து அவள் வழித்துப் போட்ட வரிசை. அதன் மேல் எச்சில் இன்னும் உலரவில்லை.

"அருவருப்பா இல்லியா சேச்சி?" என்று ஸ்வப்னா வாசற்படியிலிருந்தே கேட்டாள்.

"இருக்கு."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து வட்டிலைப் பிடித்தாள். அது வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ இறுகப் பிடித்திருந்தார்கள்.

"கையை எடுங்கோ," என்றாள் மெல்ல. "கழுவிட்டுத் தாறேன்."

சற்று நேரம் கழித்து வட்டில் அவள் கைக்கு வந்தது.