சாந்தாமேரியின் பென்சில்

அடிவாரத்தில் பிடித்த மழை கொட்டச்சேடு வரை பஸ்ஸோடு வந்தது. தேவகுமாரி இறங்கியபோது மணி மூன்றுதான். அதற்குள் பனி ரோட்டை மூடியிருந்தது. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சிங்கராயர் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கல்யாணமாகி நான்கு நாள். அவருக்கு இரண்டாவது. அவளுக்கு முப்பத்திரண்டு வயதில் முதலாவது.

ஓட்டு வீடு. சுவரெல்லாம் ஓதம். வாசலில் அவருடைய அக்கா லூர்துசெல்வி நின்றிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பிக்குச் சமைத்துப் போட்டே ஐம்பதைத் தொட்டவள்.

"வா கண்ணு. இந்த ஊட்ல அடுப்படி என் பாடு. நீ உக்காந்து சாப்புட்டாப் போதும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

காப்பி வந்தது. எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. சாந்தாமேரி.

முதல் மனைவியின் பெயர். அவள் கூடத்துச் சுவரில் படமாக இருந்தாள். மறைவு 12-8-1971. மூன்று வருடம் ஆகிறது. படத்துக்குக் கீழே அலமாரியில் காலிகோ துணி அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று.

வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடர்கதை. வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, சேலத்தில் பைண்ட் செய்தது. கோட்டை, சுரங்க வழி, மாறுவேடத்தில் வரும் காதலன், நாளுக்கு நாள் மெலியும் ராணி. ராணிக்கு யார் விஷம் வைக்கிறார்கள் என்பதுதான் கதை.

ஓரத்தில் பென்சில் எழுத்து. 'மந்திரிதான்.' அடுத்த வாரம் அது அடிக்கப்பட்டு, 'இல்லை, வைத்தியர்.' அதற்கடுத்த வாரம் வைத்தியரும் அடிபட்டிருந்தார்.

சாந்தா ஒரு தடவைகூடச் சரியாகக் கண்டுபிடித்ததில்லை என்று சிங்கராயர் சொன்னார். வியாழக்கிழமை பஸ்ஸில் பத்திரிகை வந்தால் முதலில் அவளுக்குத்தான். சாகும்போதுகூட, முடிவு தெரியாமல் போகிறேனே என்றாளாம். அதனால் தொடர் முடியும்வரை வாங்கி, பைண்ட் செய்து படத்தடியில் வைத்தார். பிறகு தொடவில்லை.

தேவகுமாரிக்குப் படிப்பில் பைத்தியம். ஒரு நாளைக்கு ஒரு வாரத்துப் பகுதி என்று வைத்துக்கொண்டாள். பகலில் வேறு வேலை இல்லை.

இரண்டாவது மாதம் வயிறு வலித்தது. வாயில் துருவின் சுவை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் லூர்துசெல்வி. சிங்கராயர் இன்னும் கனிவாகிப்போனார். காலைக் காப்பியை அவரே அடுப்படியிலிருந்து வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

அன்று படித்த பக்கத்தின் ஓரத்தில் இருந்தது:

'பால் கொண்டு வருகிறவனைப் பார்.'

கதையில் ராணிக்குப் பால் கொண்டு வருகிறவன் மன்னன். சரி. தேவகுமாரி பக்கத்தின் அடியில் பார்த்தாள். பத்திரிகைத் தேதி அச்சாகியிருந்தது.

22-8-1971.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். 12-8-1971.

அதே எழுத்து. அதே சாய்வு.

வேகமாகப் புரட்டினாள். அடுத்த வாரம்: 'கசக்கிறதா?' அதற்கடுத்த வாரம்: 'முடி கொட்டும்.' அதற்கடுத்தது: 'அவர்தான். கையில் கொடுப்பவர்தான்.'

விரலால் தடவினாள். கரி ஒட்டியது. மூன்று வருடத்து எழுத்து இப்படி ஒட்டாது.

அன்று முதல் அவரைக் கவனித்தாள். டம்ளரை நீட்டும் கை. குடித்து முடிக்கும்வரை நிற்கும் நிற்பு. ஏன் நிற்கிறார்? மதியம் பனி இறங்கிக் கூடம் இருட்டும்போது, யாருமில்லாத அலமாரிப் பக்கம் காகிதத்தில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நின்றுவிடும்.

கதையில் ராணியும் சந்தேகப்பட்டாள். தன் கிண்ணத்தை மன்னனின் கிண்ணத்தோடு மாற்றி வைத்தாள். குற்றமுள்ளவன் குடிக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. மன்னன் கிண்ணத்தை எடுத்தான். தொடரும்.

தேவகுமாரி அதோடு மூடிவைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு வாரம்.

மறுநாள் காலை வெளியே லாரி ஹாரன் கேட்டு அவர் எட்டிப் பார்க்கப் போனார். அவள் தன் டம்ளரை அவருடையதோடு மாற்றி வைத்தாள்.

அவர் வந்தார். பெயரைக்கூடப் பார்க்கவில்லை. எடுத்துக் குடித்தார்.

கடைசிச் சொட்டு வரை.

"இன்னைக்கு நொம்பக் கசக்குது" என்று சிரித்தார்.

தேவகுமாரிக்குக் கண் கலங்கியது. அவரில்லை. இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏனென்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றாள்.

பதினோரு மணிக்குக் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்திலிருந்து அவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மதியம். வந்த சனம் எல்லாம் பஸ் ஏறிவிட்டது. வீட்டில் இரண்டு பெண்கள். தேவகுமாரி புத்தகத்தை எடுத்து விட்ட இடத்தில் பிரித்தாள். மன்னன் குடித்தான். மன்னன் விழுந்தான். பாலைக் காய்ச்சியவளைப் பற்றி அதுவரை கதையில் ஒரு வரிகூட இல்லை.

ஓரத்தில் இரண்டே சொல்.

'அவர் இல்லை.'

பின்னால் காலடி. லூர்துசெல்வி காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அதே டம்ளர்.

"ஒண்ணு கேக்கோணும் கண்ணு" என்றாள். குரலில் கோபமில்லை. "உன்ற டம்ளர் அன்னிக்கு அவன் உக்காந்த எடத்துல காலியாக் கெடந்துச்சு. எப்படி?"

தேவகுமாரி டம்ளரில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் உனக்குன்னுதான் கூடப் போட்டு ஊத்துனேன். அவங் கையில வெச்சது யாரு?"

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மடியில் விரிந்திருந்த பக்கத்தில் கீறும் சத்தம்.

பென்சில் இல்லை. கை இல்லை. எழுத்து மட்டும் ஒவ்வொன்றாக ஏறியது. 'லூர்துசெல்வி.'

லூர்துசெல்வி எட்டிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. எத்தனையோ முறை பார்த்தவள்போல உதட்டைச் சுழித்தாள்.

"சாந்தாவுக்கு எப்பவும் அவசரம்" என்றாள்.

எழுத்து நின்றது. பிறகு அந்தப் பெயரின் குறுக்கே, இடமிருந்து வலமாக, ஒரு கோடு விழுந்தது.

அதற்குக் கீழே, நிதானமாக, அடுத்த பெயர் தொடங்கியது.

தே