ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

செத்தவீடு முடிந்து இருபத்தொன்பது நாளாகியும் அந்த நேரலையை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். படத்தின் கீழ்மூலையில் சின்னதாய் ஒரு கண், அதற்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண். நேரலையை அன்றைக்கே நிறுத்தியாயிற்று. நிறுத்திய படத்துக்கு அந்த எண் காட்டக்கூடாது. விஜிதரன் பழியைக் கணினியின் வயதில் போட்டான். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்த பதினொரு வருடப் பழசு அது. அது என்ன குற்றம் செய்தாலும் அவன் சொல்லும் சமாதானம் அந்த ஒன்றுதான்.

உடையார்கட்டிலும் புதுக்குடியிருப்பிலும் யார் கண்ணை மூடினாலும் பந்தல்காரருக்கு அடுத்ததாக விஜிதரனுக்குத்தான் அழைப்பு வரும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும். பெற்றவர்கள் இங்கே. பெட்டியின் தலைமாட்டில் கமராவை நிறுத்தி, கடல் தாண்டி இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் அப்படியே காட்டுவான். நாற்பத்தாறு வயதாகியும் அவனுக்குக் கலியாணம் கூடிவரவில்லை. இருந்த ஒரே அக்காவும் நோர்வேக்குப் போய்விட்டாள். இருநூறு பேரை வழியனுப்பியவனுக்கு யார் கமரா பிடிப்பது, யார் வாய்க்கரிசி போடுவது என்று பகிடி விட்டுத் திரிவான். கேட்டவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அந்தப் பகிடி அவனுக்கே கசக்கும். முன் அறையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் அவன் இருப்பான், மற்றதில் கமராப் பை இருக்கும். வேறு யாரும் அதில் இருந்ததில்லை.

இலட்சுமியம்மாவின் செத்தவீட்டில்தான் அவனுக்கு முதல் தடவையாகக் கை பிசகியது. ஒரே மகன் சிவகரன் பாரிசில், விசா இல்லாமல். வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. நேரலைக்கான இணைப்பும் அவனிடம் மட்டும்தான் இருந்தது. பெட்டி மூடுமுன் உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து ஈரப் பச்சையரிசியை வாயில் இடுவார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் அப்போதுதான். சரியாக அந்த இடத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. கணினியை நிறுத்தி எழுப்புவதற்குள் மூடியை அறைந்துவிட்டார்கள்.

அன்று மாலை சிவகரன் தொலைபேசியில் எடுத்தான்.

"அண்ணை, அம்மாவின்ர முகத்தை நான் காணேல்லை."

ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

"கமராவுக்குள்ள படம் இருக்குத் தம்பி. என்ர கொம்பியூட்டர்தான் இழுக்குதில்லை. கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு போட்டு, முப்பத்தொராம் நாள் காரியத்துக்கு முதல் எடுத்துத் தாறன்."

"அவாவும் என்னைக் காணேல்லைத்தானே அண்ணை," என்றான் சிவகரன்.



கமராவில் இருந்த பதிவைக் கணினியில் போட்டால் திக்கித் திக்கியாவது ஓடும். வாய்க்கரிசிக்கு வந்ததும் நின்றுவிடும். பத்துத் தடவை போட்டாலும் அதே இடம். சனம் நெருக்கியடிக்கிற இடம், படத்தில் அசைவு அதிகம், கணினிக்குத் தாங்கவில்லை என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். வேறொருவரின் கணினியில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் செத்தவீட்டுப் படத்தை அவன் வெளியில் கொடுப்பதில்லை.

கார்ட் தேடுவதே மூன்று கிழமை வேலையாகிவிட்டது. அவனுடைய கணினி ஒடுங்கிய பெட்டி. அரை உயரக் கார்ட்தான் அதற்குள் இறங்கும். மின்சாரம் கொடுக்கும் பகுதியும் வலுக் குறைந்தது, கார்டுக்கென்று தனி வயர் இல்லை. புதிதாக வருபவை செங்கல் பருமனில் இருந்து, தனி வயரும் கேட்டன. மலிவான சின்னக் கார்ட் ஒன்று பெட்டிக்குள் பொருந்தும், ஆனால் கமராவின் புதுவகைப் பதிவை வாசிக்கத் தெரியாது. கடைசியில் வவுனியாவில் றிஃபாத்தின் கடையில் பாவித்த கார்ட் ஒன்று கிடைத்தது. அரை உயரம், நாலு ஜீபி, செருகுகிற இடத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்.

"இது உங்கட பெட்டிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி அண்ணை," என்றான் றிஃபாத், விசிறியை ஊதித் துடைத்தபடி. "ஒரு இன்ரநெற் கஃபேயில இருந்தது. நான் ரெண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தன், சூடு பரவாயில்லை."

"நிக்கிற இடத்தில நிக்காதுதானே?"

"நிக்காது. நிப்பாட்டச் சொன்னாலும் ஓடும்."

அடுத்த நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழை வேறெந்தச் சத்தத்தையும் வீட்டுக்குள் விடவில்லை. விஜிதரன் பெட்டியைக் கழற்றி, உள்ளே அப்பியிருந்த தூசியைத் தூரிகையால் தட்டி, கார்டைச் செருகி, திருகாணியை இறுக்கினான். பொத்தானை அமத்தியதும் கார்டின் விசிறி ஒருமுறை சீறிவிட்டு அடங்கியது. எழுத்துகள் முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு திரையில் வந்தன. அவனுக்கு உள்ளபடியே சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்ல ஒருவரும் இல்லாததால் சிவகரனுக்குச் செய்தி அனுப்பினான்.

"கார்ட் போட்டாச்சு தம்பி. இண்டைக்கே அனுப்புறன். இனி அந்த நிண்ட படத்தைப் பாத்துக்கொண்டிருக்காதையும்."

பதில் உடனே வந்தது.

"நான் அண்டைக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை அண்ணை."

பழைய நேரலைப் பக்கத்தைத் திறந்தான். கண் இருந்தது. ஒன்று என்ற எண்ணும் இருந்தது. கணினியின் வயதைச் சாட்டினாலும், இத்தனை நாளும் உள்ளுக்குள் அது பாரிசில் தூங்காமல் விழித்திருக்கும் ஒரு பிள்ளை என்று நினைத்துத்தான் அவன் குற்றவுணர்வில் வெந்திருந்தான். அது அந்தப் பிள்ளை இல்லையென்றால்?

வெளியே மம்மல் இருட்டு இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கதிரையில் கமராப் பை ஈரமாகக் கிடந்தது. கமராவின் பதிவை ஓடவிட்டான்.

படம் தடையில்லாமல் ஓடியது. பந்தலின் வெள்ளைத் துணி, ஊதுபத்திப் புகை, வெள்ளைச் சீலையில், நெற்றியில் விபூதியோடு இலட்சுமியம்மா. பெண்கள் வரிசையில் வந்தார்கள். ஒரு கை, அரிசி. இன்னொரு கை, அரிசி. வழமையாக நிற்கும் இடம் வந்தது. படம் நிற்கவில்லை. விஜிதரன் மூச்சை விட்டான்.

பெண்கள் விலகினார்கள். அடுத்தது மூடி வரவேண்டும். அன்றைக்கு அவன் அங்கேதான் நின்றான், கண்ணால் கண்டவன். மூடி வரவில்லை. அழுகைச் சத்தம் மெல்லக் குறைந்து இல்லாமல் போனது. பந்தலில் ஒருவரும் இல்லை. பெட்டி மட்டும் இருந்தது, அதற்குள் அந்த முகம்.

அறையில் ஓடிக்கொலோன் மணத்தது. செத்தவீட்டில் உடம்புக்குத் தெளிக்கிற அதே மணம். அவனுடைய உடுப்பில் ஒட்டியிருந்திருக்கும் என்று நினைத்தான். ஆனால் அந்த உடுப்பை அவன் மூன்று கிழமைக்கு முன்பே தோய்த்துவிட்டிருந்தான்.

இலட்சுமியம்மாவின் வாய் அசைந்தது. அரிசியை மெல்ல, மிக மெல்ல, ஒதுக்கியது. பிறகு கண் திறந்தது. அந்தக் கண் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் போனது. யாரையோ தேடியது. தேடிவிட்டு நேரே கமராவைப் பார்த்தது.

அவன் நிறுத்தும் பொத்தானை அமத்தினான். படம் ஓடியது. மறுபடியும் அமத்தினான். ஓடியது. குனிந்து மின்சார வயரைப் பிடுங்கினான். கார்டின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

நிமிர்ந்தபோது திரையில் பந்தல் இல்லை. அவனுடைய முன் அறை இருந்தது. திரைக்கு மேலே நேரலையைச் சோதிக்க வைத்திருந்த சின்னக் கமராவின் விளக்கு பச்சையாக எரிந்தது. மூலையில் நேரலை என்ற சிவப்பு எழுத்து. கண். அதன் பக்கத்தில் ஒன்று.

திரையில் அவன் இருந்தான். பக்கத்துக் கதிரையில் பை இல்லை. வெள்ளைச் சீலையின் ஓரம் தெரிந்தது. அதற்கு மேலே திரையில் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. கழுத்தைத் திருப்பிக் கதிரையைப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

ஒன்று, இரண்டானது.

கைபேசி மேசையில் அதிர்ந்தது. சிவகரனின் செய்தி.

"காணுறன் அண்ணை. அம்மாவை வடிவாக் காணுறன்."

பெரிய உபகாரம் செய்த மனிதனுக்கு நன்றி சொல்வதுபோல் இருந்தது. விஜிதரன் எழ முயன்றான். கால் அசையவில்லை. கைகள் எப்போதோ நெஞ்சின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக வந்துவிட்டிருந்தன. பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியதுபோல் இறுகியிருந்தன.

கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அண்ணை, அம்மா ஆருக்கு வாய்க்கரிசி போடுறா?"

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நாக்கின் நுனியில் ஏதோ குளிர்ந்தது. ஈரப் பச்சையரிசி. ஒரு மணி. பிறகு பல. காய்ந்த விரலொன்று அவற்றை உள்ளே தள்ளியது, பிள்ளைக்குச் சோறு தீத்துகிற பதத்தில்.

அவன் வாயை மூடப் பார்த்தான். திரையில் அது திறந்தே இருந்தது. அந்தக் கை அடுத்த பிடியை அள்ளிக்கொண்டு வந்தது.