தம்பி ஏன் எழவில்லை?

காலை 10.41. அவசர ஊர்தி அழைப்பு மையத்தில் பதினாறு பேர் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். "ஹலோ, சீக்கிரம்..." என்று ஒரு குரல் வந்து அறுந்தது. அடுத்த அழைப்பும் அப்படியே அறுந்தது. அதற்கடுத்ததும் அறுந்தது. பதினாறு பேரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

11.23. தானாகவே எல்லாம் சரியாயிற்று.

இடையில் ஒரு தச்சரின் மனைவி பதினோரு முறை அழைத்திருந்தாள். மார்வலியில் விழுந்த தச்சர் இன்னும் கண் விழிக்கவில்லை.

மையத்துக்கு வரும் எல்லாத் தொடர்பும் ஃபயர்வால் என்ற காவல் பெட்டி வழியாகத்தான் நுழையும். அங்கே அப்படி இரண்டு பெட்டிகள். பராமரிக்கும் குடும்பம் அவற்றுக்கு அண்ணன், தம்பி என்று பெயர் வைத்திருந்தது. அண்ணன் காவலில் நிற்பான். அவன் விளக்கு பச்சை. தம்பி காத்திருப்பான்; அவன் விளக்கு மஞ்சள். அண்ணன் விழுந்தால் அந்த நொடியே தம்பி எழுந்து நிற்கவேண்டும்.

அண்ணன் விழுந்தான், தம்பி எழவில்லை. மையம் முழுக்க அதுதான் பேச்சு.

மதியம் 1.15. மேலாளர் அறை. நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார் பெரியவர், அந்தக் குடும்பத் தொழிலின் தலைவர். பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை. பின்னால் நின்றவள் மகள்; பெட்டிகளின் பதிவேடுகளைப் படிப்பது அவள் வேலை.

"தம்பியைக் கடைசியா தொட்டது யாரு?" என்றார் மேலாளர்.

"நான்தான் மேடம். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு. புது மென்பொருள் போட்டேன், சோதிச்சும் பார்த்தேன்," என்றார் மாப்பிள்ளை.

"சோதிச்சீங்கன்னா இன்னைக்கு ஏன் எந்திரிக்கல?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குள்ள அறிக்கை போகணும். அதுல ஒரு பேர் இருக்கணும். அந்தப் பேருக்காரர் இனிமே எந்த அவசர மையத்துலயும் கால் வைக்க முடியாது."

"இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்கிறோம். ஒருத்தர் கிட்டயும் ஒரு சொல் வாங்கினதில்ல," என்றார் பெரியவர். கைபேசியை நீட்டினார். "காலைல பார்வையிட வந்த அதிகாரிங்க எப்படிப் பாராட்டிட்டுப் போனாங்க, பாருங்க."

படத்தில் அதிகாரிகளுக்கு நடுவே பெரியவர் நிமிர்ந்து நின்றார். பின்னால் பெட்டிகள் துடைத்துவைத்ததுபோலப் பளபளத்தன. இரண்டு விளக்குகளும் பச்சையாக ஒளிர்ந்தன. மேலாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மகள் வெளியே வந்தாள். அழைப்புகளை எடுக்கும் பெண் ஒருத்தி மறித்தாள்.

"அக்கா, உங்க அண்ணன் தம்பிக்கு எங்க வீட்டுப் பங்காளிங்களே தேவலை! அவங்க சண்டை போட்டாலும் ஃபோனையாவது எடுப்பாங்க."

"அப்ப சுத்தமா சத்தமே இல்லையா?"

"இருந்துச்சுக்கா. பாதி வார்த்தை வரும், அறுந்துடும். அதான் கொடுமையே."

மகள் நின்றாள். காவல் மொத்தமாக விழுந்திருந்தால் பாதி வார்த்தை எப்படி வரும்?

2.05. இயந்திர அறை. இரு பெட்டிகளையும் இணைத்து, முன்பக்கமாக ஒரு சிவப்பு வயர் வளைந்து தொங்கியது. அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று தம்பி நொடிக்கொரு முறை கேட்பது அந்த வயரில்தான். மற்ற வயர்களில் தூசி படிந்திருந்தது. அதில் மட்டும் ஈரத்துணியின் தடம்.

தம்பியின் பதிவேட்டைத் திறந்தாள். 10.41: அண்ணனைக் காணவில்லை, பொறுப்பேற்கிறேன்.

அப்படியானால் தம்பி எழுந்திருக்கிறான்.

அண்ணனுடையதைத் திறந்தாள். 10.41: தம்பியைக் காணவில்லை, காவல் தொடர்கிறது.

ஒருவன் செத்துவிட்டதாக மற்றவன் எழுதியிருந்தான். இருவரும் உயிரோடு இருந்தார்கள். வந்த ஒவ்வொரு அழைப்பையும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். 11.23-க்குத் தம்பி மறுபடி எழுதியிருந்தான்: அண்ணன் இருக்கிறார், ஒதுங்குகிறேன்.

அந்த அறையின் வாசல் குறிப்பேட்டைப் புரட்டினாள். 10.38-க்கு உள்ளே போய் 11.25-க்கு வெளியே வந்த பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. அதிகாரிகள் வந்துபோனது இடையில்.

கைபேசியில், குடும்பக் குழுவுக்கு அப்பா அனுப்பியிருந்த அதே படத்தைப் பெரிதாக்கினாள். நேரம் 10.58. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

3.30. மறுபடி மேலாளர் அறை.

"அண்ணன் சாகவே இல்ல மேடம்," என்றாள். "இந்தப் படத்தைப் பாருங்க. ரெண்டு பச்சை. ஒரு சமயத்துல ஒண்ணுதான் பச்சையா இருக்கணும், இன்னொண்ணு மஞ்சளா இருக்கணும். ரெண்டும் நான்தான் காவல்னு நின்னிருக்கு. அடுத்து, சிவப்பு வயரைத் தேடுங்க. படத்துல இல்ல. அது இல்லாம ஒருத்தன் இருக்கிறது இன்னொருத்தனுக்குத் தெரியாது."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கழற்றினது யாருன்னு நீங்க சொல்றீங்க?"

அவள் பெயர் சொல்லவில்லை. உறவைச் சொன்னாள். "எங்கப்பா."

பெரியவர் அசையவில்லை. "பெரிய மனுஷங்க வர்ற இடத்துல மூஞ்சிக்கு நேரா கயிறு மாதிரி தொங்குச்சு. பார்க்கிறவங்க நம்மள என்ன நினைப்பாங்க? கழற்றித் துடைச்சு வெச்சேன். அவங்க போனதும் திரும்ப மாட்டிட்டேன்ல? ரெண்டும் பச்சையா எரிஞ்சுது. ரொம்ப நல்லா இருக்குன்னு அவங்ககிட்ட நானே காட்டினேன்."

"வெளிய ஃபோன் அறுந்துட்டு இருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"உள்ள ஒண்ணும் கேக்கல."

மேலாளர் பெருமூச்சோடு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "லேட்டா வந்துட்டீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ரெண்டரைக்கே எழுதிக் கொடுத்துட்டார். வயரைக் கழற்றினது தான்தான்னு."

மகள் கணவனைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பன்னெண்டு மணிக்குப் படத்தைப் பார்த்ததும்," என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "மாமா பேரை நான் எப்படி எழுதுவேன்?"

"இது பொய்னு குறிப்பேடே சொல்லுது மேடம்!"

"சொல்லுதும்மா. ஆனா ஒருத்தர் தானே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார். பொண்டாட்டி பேச்சை வெச்சு மேலிடத்துல மாத்த மாட்டாங்க. செஞ்சவர் எழுதிக் கொடுத்தா இதைக் கிழிச்சிடறேன்." வெள்ளைத்தாள் ஒன்றைப் பெரியவர் பக்கம் தள்ளினார். "எழுதறீங்களா ஐயா?"

பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளை நேராக்கினார். மேல் மூலையில் அழகான கையெழுத்தில் தேதியைப் போட்டார். பிறகு கை நின்றது.

"அப்பா," என்றாள் மகள். "எழுதுங்கப்பா."

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க எழுதிக் கொடுத்ததுல என் பேரு எங்கயாவது வருதா?"

"இல்ல மாமா."

"அப்பச் சரி," என்று பேனாவை மூடினார்.