காய்ச்சிய கொக்கி

ஆய்வாளர் எஸ்தர் படிகமானியைக் கிரேன் கொக்கியின் வளைவில் ஒட்டினாள். துறைமுகத்தில் இப்போதெல்லாம் மனிதர்களை யாரும் விசாரிப்பதில்லை, இரும்பைத்தான் விசாரிக்கிறார்கள். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கிய படிகங்களாக இருக்கின்றன. அளவுக்கு மீறி இழுபட்டால் அந்த வரிசை நழுவும்; நழுவியது தானாகத் திரும்பாது. கூடுதலாகத் தூக்கிய பாரமெல்லாம் உள்ளே பதிந்திருக்கும். அதைப் படித்துச் சொல்வதுதான் இந்தக் கருவி.

கிரேன் ஓட்டுநர் கனகலிங்கம் இந்த நாளுக்காக ஓராண்டு காத்திருந்தார். நாற்பது டன் கொக்கியில் கம்பெனி அறுபது டன் மாட்டுகிறது, கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், ஒருநாள் யார் தலையிலாவது விழத்தான் போகிறது என்று அவர் முறையிடாத இடமில்லை.

கருவி பச்சை விளக்கைக் காட்டியது. எஸ்தர் நம்பாமல் இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரு இழுப்புகூட இல்லையே. நேத்து செஞ்சது மாதிரி இருக்கு. யாராவது காய்ச்சினீங்களா?"

கனகலிங்கம் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆயுத பூசைக்கு நாந்தான் காய்ச்சினேன், மேடம். வாய் விரிஞ்சு கிடந்துச்சு. கோணக் கொக்கிக்கு எப்படிப் பொட்டு வைக்க? செக்கச் செவேல்னு காய்ச்சி நிமித்திட்டேன்."

மனிதர் சும்மா இருந்திருக்கலாம், பக்தி விடவில்லை. அவ்வளவு சூடேறினால் நைந்த படிகங்களின் இடத்தில் பழுதில்லாத புதியவை வளர்ந்துவிடும். சாட்சி அதோடு போயிற்று.

"காய்ச்சினதுல இரும்பு இளகிப் போயிருக்கும். எனக்கே பயமா இருக்கு," என்றாள் எஸ்தர். "ஆனா மானி களைப்பை மட்டுந்தான் பார்க்கும். களைப்பே இல்லைன்னு கம்பெனி கேட்ட அறுபது டன்னுக்கே அனுமதி குடுத்திருச்சு."

"அதான் நான் சொல்லுதேன்லா, மேடம். நான் சொன்னதை அப்படியே எழுதுங்க."

"மனுஷங்க சொல்றதை எழுத இடமில்லை, அண்ணாச்சி. உலோகத்தோட வாக்குமூலம் மட்டுந்தான் செல்லும்னு சட்டம்."

"எந்தக் கூறுகெட்ட பய கேட்டு வாங்குன சட்டம் அது?"

எஸ்தர் கருவியின் திரையில் தேடி எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். 'மேலதிகாரிகள் பொய் சொல்வார்கள், இரும்பு சொல்லாது' என்று தொழிற்சங்கம் பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த மனு அது. முதல் கையெழுத்து கனகலிங்கத்துடையது.