பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்

இன்றைக்கு மகளை யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வது? நேற்றும் மேல்வீடு என்றுதானே சொன்னோம் என்று யோசித்த ஜெசிந்தா, உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். கணவருக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

லூர்து குளித்துவிட்டு வந்து மணிக்கட்டில் துருமானியை மாட்டிக்கொண்டார். பதினெட்டு. பச்சை விளக்கு. நடுக்கமே இல்லாத விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட்டபடி மனைவியைப் பார்த்தார்.

“என்ன ஜெசி, ராத்திரி தூங்கலியா? ஒரேயடியா வாடிப் போயிருக்க.”

ஆறு வருடங்களாகக் காலைதோறும் இதே கேள்வி. அவர் கண்ணுக்கு அவள் ஒரே இரவில் ஆறு வயது மூத்திருந்தாள்.

“கொசு” என்றாள்.

தூத்துக்குடியில் அந்தத் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் முழுத்தடுப்பு ஊசி போட்டவர்கள் இருந்தார்கள். உடல் மூச்சுக்காற்றைக் கொண்டு உணவை எரிக்கும்போது மிஞ்சும் ஆக்சிஜன் கழிவு, அதாவது துரு, அளவு கூடினால் நரம்பை அரிக்கிறது. பழைய மாத்திரைகள் எட்டாத ஆழத்துக்கு இந்த ஆன்டிஆக்சிடன்ட் ஊசி எட்டியது, நோய் நின்றது. ஆனால் அந்தக் கழிவு ஒரு துளியாவது இல்லாமல் மூளையால் எதையும் புதிதாகப் பதித்துக்கொள்ள முடியாது, தூங்கி எழுந்தால் அன்றைய நாள் அழிந்துவிடும் என்பது, முதல் ஆயிரம் பேர் போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ஊசியை நிறுத்தினால் அடக்கிவைத்த நோய் ஒரே மாதத்தில் ஆளை முடித்துவிடும். லூர்து அந்த ஆயிரம் பேரில் ஒருவர். வயிற்றில் பிள்ளை இருப்பது ஜெசிந்தாவுக்குத் தெரியவந்தது அதற்கு அடுத்த வாரம்.

முதலில் தினமும் உண்மையைச் சொன்னாள். அவர் அழுவார். அதிர்ச்சியில் துருவளவு எழுபதைத் தாண்டும். சிவப்பு விளக்கு எரியும். ஒரு சோர்ந்த காலையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தாள். இருபதோடு நின்றது. பிறகுதான் கவனித்தாள், ஏழு வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். காலை எட்டு மணிக்கு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாருமே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

ஐந்து வயது செரின் சீருடையோடு வந்து அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்.

“இன்னிக்கு நான் யாரு வீடு?”

“மேல்வீடு.”

“வேண்டாம், கடைசி வீடு. அங்கதான் நாய் இருக்கு.”

லூர்து அவளைப் பார்த்துச் சிரித்தார். “யாரு பிள்ள இது? ஜெசி, சிரிப்பு அப்படியே எங்கம்மா மாதிரி இருக்கு பாரேன்.”

“கடைசி வீட்டுப் பிள்ள, மாமா” என்றாள் செரின், தடுமாறாமல்.

அவர் துறைமுகப் பட்டறைக்கும் செரின் பள்ளிக்கும் போன பிறகு, நரம்புநலப் பணியாளர் கோமதி வந்தாள். ஜெசிந்தா டீ போட்டுக் கொடுத்தாள்.

“ஒனக்குத் துரு எழுபத்தொண்ணு வந்திருக்கு. மூணு வாரமா எறங்கல. இன்னிக்கே ஊசி போட்டுருவோம்.”

“போடலைன்னா?”

“நாலு வருசத்துல கை போவும். அப்புறம் காலு. அதுக்கப்புறம் சோறு தொண்டைல எறங்காது. ஒளிக்காம சொல்லுதேன்.”

“போட்டா?”

“எண்பது வயசுலயும் ஊசில நூல் கோப்ப. ஒம் புருசனப் பாக்கல? மாப்பிள்ள மாதிரி இருக்காரு.”

ஜெசிந்தா லேசாகச் சிரித்தாள். “செரினுக்குப் பன்னெண்டு வயசாவும்போது, காலைல எந்திரிச்சு யாரு இந்தப் பிள்ளன்னு கேப்பேன். என்னக்கா?”

“அதுக்கென்ன, வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு...”

பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. கோமதி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது வயதுச் செரின் தனக்குக் கஞ்சி ஊட்டுவதை நினைத்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. கஞ்சி கடைவாயில் வழியும். பிள்ளை துடைத்துவிடும். ஆனால் துடைக்கிற கை யாருடையது என்று அப்போது தனக்குத் தெரிந்திருக்கும்.

கோமதி பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். “கைய நீட்டும்மா.”

ஜெசிந்தா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்க்கா” என்றாள். “டீ ஆறிப்போவுது, குடிங்க.”