ஏழாம் நம்பர் ஜாடி

முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு இடது கண்ணை மூடியபோது கொளஞ்சியப்பனுக்கு ஒரு அலமாரி தெரிந்தது. கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் வெள்ளை டைல்ஸ் சுவர், குழல்விளக்கு. நீரள்ளி அடித்துக் கண்ணைத் திறந்தால் செம்மங்குப்பத்து வீட்டுக் குளியலறை, பச்சை வாளி. மறுபடி மூடினார். அலமாரி.

வலது கண் அவருக்கு இல்லை. 2009 ஐப்பசியில் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் புற்றோடு அதைத் தோண்டி எடுத்தார்கள். அதற்குள் புற்று ஈரலுக்கு இறங்கியிருந்தது. புது மருந்துச் சோதனை நடக்கிறது, சேர்ந்து பாருங்கள் என்றார்கள். கையெழுத்துப் போட்டார். சோதனையில் அவர் ஏழாம் நம்பர். எடுத்த கண் ஆராய்ச்சிக்கு என்று அதே தாளில் எழுதியிருந்தது.

மனைவி லோகநாயகிக்குத்தான் ஆறவில்லை. மிஷினில் துண்டான விரலைக்கூடக் கேட்டு வாங்கிப் புதைக்கிற குடும்பம் அவளுடையது.

"அத வாங்கியாந்துடுங்க. பொதைக்காம வுட்டா அடங்காது."

"கண்ண வாங்குனா மாத்திர கெடையாதுடி. பொழைக்கவா, பொதைக்கவா? நீயே சொல்லு."



அதே சோதனையில் நாலாம் நம்பர், தேவனாம்பட்டினத்துப் பக்கிரி. அவனுக்கும் ஒரு கண்தான். போன மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் இவர் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"மாமா, கண்ண மூடுனா ஒரு அலமாரி தெரியுது."

"சுனாமியப் பாத்த கண்ணுடா. சும்மா கெடக்குமா?"

அதையே அவன் நர்ஸிடமும் சொன்னான். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி மாத்திரையை நிறுத்தினார்கள். பத்தே நாள். செத்தான், எரித்தார்கள்.

ஆகவே கொளஞ்சியப்பன் வாயைத் திறக்கவில்லை.

தூக்கம் போயிற்று. இமை மூடிய நொடியே அந்த அறை வந்துவிடும். பார்மலின் நெடி தொண்டையில் இறங்கும். எங்கோ ஒரு ஃபிரிட்ஜ் முனகுவதும் அடங்குவதும் மறுபடி முனகுவதுமாக இருக்கும். அந்த அலமாரியில் ஜாடிக்குள் கிடக்கும் அவருடைய வலது கண்ணுக்கு இமை கிடையாது என்பதால் விடியும்வரை அவர் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

அடுத்த பரிசோதனை நாளில் நர்ஸ் ஸ்ரீமதி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"தொந்தரவு ஏதாச்சும் இருக்குங்களா?"

பேனா காத்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

"ஈரல் கட்டி பாதியா சுருங்கிடுச்சி. மருந்து நல்லா கேக்குது. ரொம்ப நாள் இருப்பீங்க." இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். "அஞ்சு நிமிசம் மூடிக்கிட்டு இருங்க. தொறக்கக் கூடாது."

மூடினார்.

அலமாரி. வெள்ளைச் சுவர்.

கதவு திறந்தது. ஒரு கை. எதிரே ஒரு ஜாடியை வைத்தது. போய்விட்டது.

லேபிளில் நாலு.

கலங்கிய நீர் மெல்லத் தெளிந்தது. உள்ளே நரம்பு தொங்கும் ஒரு கண். சுவரைப் பார்த்தபடி.

பக்கிரியை எரித்து இருபது நாள்.

கண் அசைந்தது.

மெதுவாகத் திரும்பியது.

அவரைப் பார்த்தது.