எட்டு மணி நேரத் தூக்கம்

காலை பத்தரை மணிக்குத் தலையணை சூடாக இருந்தது.

உறையை உருவி எடுக்கத்தான் அவள் அந்த அறைக்குள் போனாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்ததால் உச்சிவெயிலிலும் அங்கே இருட்டுதான். திறந்த கதவு வழியாக விழுந்த வெளிச்சத்தில் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. கை பட்ட இடம் வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு, ஒரு தலை அளவுக்குக் குழிந்திருந்தது. எஞ்சின் எண்ணெயும் வியர்வையும் கலந்த அந்தப் பழைய வாசனை குழிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. அந்தக் கட்டிலில் யாரும் படுத்து முப்பத்தாறு நாளாகியிருந்தது. அவளும் மகளும் கூடத்தில்தான் தூங்கினார்கள்.

வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவரில் வெயில் படுவதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். உறையை மாற்றாமலே வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். சாத்திய பிறகுதான், ஏன் சத்தமில்லாமல் சாத்தினோம் என்று யோசித்தாள்.

பழக்கம். ஆறு வருடப் பழக்கம்.

அவள் கணவர் சின்னச் சரக்கு விமானம் ஓட்டியவர். ஒற்றை எஞ்சின், ஒற்றை ஆள். இரவெல்லாம் மூன்று ஊர்களுக்குப் போய் வருவார். செய்தித்தாள் கட்டுகள், ரத்த மாதிரிப் பெட்டிகள், மோட்டார் உதிரிபாகங்கள், சில நாள் ஆயிரம் கோழிக்குஞ்சுகள். "குஞ்சுங்க இருந்தா நல்லது. கத்திக்கிட்டே வரும், தூக்கம் வராது" என்பார். சம்பளம் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாகப் போகும். வாய்க்கும் வயிற்றுக்கும் பகலில் வாடகைக் கார் ஓட்டினார். "மேலே இருந்தா கேப்டன். கீழே இறங்கினா, டிரைவர், கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே எட்டு மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும் என்பது விதி. தூங்கியதற்கு ஒரு தாள் உண்டு. 'தூங்கியது: ... மணி முதல் ... மணி வரை.' அதை நிரப்பும்போதே அவருக்குக் கண் சொருகிவிடும். எழுத்து கோடாக இழுபட்டுத் தாளின் ஓரம் வரை போய் நிற்க, பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் அவள்தான் நிரப்பினாள். ஒன்பது முதல் ஐந்து வரை. தினமும் அதே எண்கள், அவளுடைய குண்டுக் கையெழுத்தில். உண்மையில் மூன்று மணி நேரம் தூங்கினாலே அதிகம்.

எழுப்பியதும் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"எட்டு மணி நேரம்."

"அடேயப்பா! இவ்வளவு தூங்கினா சம்பளத்துல பிடிச்சுக்கப் போறாங்க."

அப்படிச் சொல்லச் சொன்னதே அவர்தான். "நீ எட்டுன்னு சொல்லு. உடம்பு நம்பிடும். அதுக்கு என்ன, கடிகாரமா பார்க்கத் தெரியும்?"

கடைசி நாளன்று ஒன்பது மணிக்குப் படுத்தார். யார் கூப்பிட்டாலும் எழுப்பாதே, இன்றைக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார். பதினொரு மணிக்கு நீண்ட தூரச் சவாரிக்கு அழைப்பு வந்தது. இரட்டை வாடகை. மறுநாள் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுப்பினாள். நான்கு முறை உலுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டார். எட்டு என்றாள். அன்று அவர் சிரிக்கவில்லை.

சவாரி முடிந்து வீட்டு வாசல் வரை வந்து, அப்படியே விமானத்துக்கு ஓடினார். அவள் தாளில் 'ஒன்பது மணி முதல்' என்று எழுதி முடிப்பதற்குள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், அலுவலகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அந்திநேரம். மேகம் இல்லை, காற்று இல்லை. விமானம் நேராக, நிதானமாக, தலை சாய்வது போலத் தாழ்ந்துகொண்டே போய் மலைச்சரிவில் மோதியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு தீ.

நாலு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றி, பையின் கொக்கி குலுங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த அறையைக் குதிகால் படாமல் கடந்தாள்.

"இனிமே அப்படி நடக்க வேண்டாம்டா கண்ணு. அப்பாதான் இல்லையே."

"தெரியும்மா." குழந்தை குரலைத் தாழ்த்தியது. "ஆனா தூங்குறார்ல?"

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பை அணைத்தாள். குழாயை இறுக மூடினாள். வீடு அடங்கியதும், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அது கேட்டது. நீளமாக உள்ளே போய், சற்று நின்று, மெல்ல வெளியே வரும் மூச்சு.

நாலே முக்காலுக்கு மெக்கானிக் வந்தான். கணவரின் விமானத்தைப் பராமரித்தவன், அவருக்குத் தம்பி மாதிரி. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கடைசித் தாள்.

"மேனேஜர் கொடுத்து விட்டார் அண்ணி. இந்த ஒரு கட்டம் காலியா இருக்கு. எழுதி, கீழே அவர் தூங்கினதுக்குச் சாட்சியா ஒரு கையெழுத்துப் போட்டா இன்சூரன்ஸ் பணம் வந்துடும்."

"போடலேன்னா?"

"தூங்காம ஓட்டினது அண்ணன் தப்புன்னு முடிச்சிடுவாங்க. ஒண்ணும் கிடைக்காது." அவன் தரையைப் பார்த்தான். "போட்டுடுங்க அண்ணி. பாப்பா இருக்கா."

"அவர் ஓட்டின நடைக்கு இப்ப யார் போறா?"

"புதுசா ஒரு பையன். போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு." கொஞ்சம் தயங்கினான். "தாளெல்லாம் பொண்டாட்டிதான் நிரப்பித் தர்றாளாம்."

அவள் தாளை வாங்கினாள். 'தூங்கியது: ஒன்பது மணி முதல்.' அப்புறம் வெறும் புள்ளிகள். தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. முப்பத்தாறு நாளாக. உள்ளே மூச்சு ஏறி இறங்கியது. மெக்கானிக் கழுத்தைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தான்.

வீட்டு வாடகை, மகளின் பள்ளி, அவருடைய பெயர். பேனாவை எடுத்து 'ஐந்து' என்று எழுதினாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது.

மூச்சு நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. ஒரு கால் தரையில். பிறகு இன்னொன்று. அவர் எப்போதும் வலது காலைத்தான் முதலில் ஊன்றுவார், பிறகு சுவரைத் தடவிக்கொண்டு வருவார். சுவரில் ஏதோ உரசியது. தோல் உரசும் சத்தம் இல்லை அது. காய்ந்த எதுவோ. எண்ணெய் வாசனை. அதற்கு மேல் தீய்ந்த வாசனை.

கதவு ஒரு சாண் திறந்தது.

உள்ளே இருட்டு. கதவின் விளிம்பைப் பிடித்தபடி நான்கு விரல்கள். கரி. நகம் இல்லை.

"எவ்வளவு நேரம்..." காற்றும் தூசியுமாக ஒரு குரல். "எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

மெக்கானிக்கின் உதடுகள் அசைந்தன. சொல்லிடுங்க அண்ணி. எட்டு. சொல்லிடுங்க.

எட்டு என்றால் கிளம்பிவிடுவார். பையை எடுப்பார். செருப்பு மாட்டுவார். மலைச்சரிவு. மறுபடியும். அவளுக்குத் தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. தெரிந்தது.

"ரெண்டு," என்றாள். "ரெண்டு மணி நேரம்தாங்க. நான்தான் எழுப்பிட்டேன்."

தாளில் 'ஐந்து' என்ற சொல்லின் மேல் அவள் கோடு போட்டாள். இன்னொரு கோடு. இன்னொன்று. தாள் கிழியும் வரை.

"அப்ப... இன்னும் கொஞ்சம்..."

குரல் வாக்கியத்தை முடிக்கவில்லை. விரல்களும் கதவை விடவில்லை. மெதுவாக, நீளமாக, அந்த மூச்சு திரும்பவும் தொடங்கியது. கட்டிலிலிருந்து இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, ஓர் ஆள் நிற்கும் உயரத்திலிருந்து.

மெக்கானிக் கழற்றி வைத்திருந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னோக்கி அடி வைத்து, வாசலைத் தாண்டிப் போனான். மகள் உதட்டின் மேல் விரலை வைத்து அம்மாவைப் பார்த்தாள்.

அவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார், பேனாவைப் பிடித்தபடியே தூங்குவதைப் போல, கதவைப் பிடித்தபடியே. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நான்கு கரிய விரல்கள் மரத்தின் மேல் லேசாக இறுகின, லேசாகத் தளர்ந்தன.